டஸ்கீகியின் இரண்டு ஆய்வுகள்

வரலாற்றில் சில ஊர்களுக்கு ஒரு துர்ப்பாக்கியம் நேர்ந்துவிடுகிறது. அங்கு இழைக்கப்பட்ட ஒரு கொடுமையின் பெயராகவே அவை உலகத்தின் நினைவில் தங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒன்றான அலபாமாவில், மேக்கன் மாவட்டத்தில் உள்ள டஸ்கீகி அத்தகையதோர் ஊர். 1932 தொடக்கம் 1972 வரை நாற்பது வருடங்களாக அங்கு வறிய கறுப்பின ஆண்கள் மீது நடத்தப்பட்ட மேகநோய் ஆய்வைப் பற்றி வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். மருத்துவ ஒழுக்கவியல் கற்பிக்கப்படும் இடங்களில் எல்லாம் டஸ்கீகி என்ற சொல் அந்த ஒரு அர்த்தத்திலேயே உச்சரிக்கப்படுகிறது.

ஆனால், அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த அதே காலகட்டத்தில், அதே வளாகத்தில், கறுப்பின இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் உயிர்மருத்துவ ஆய்வின் கதவுகளைத் திறந்துவிட்ட வேறொரு முயற்சியும் நடைபெற்றது. போலியோ தடுப்பூசியின் வரலாற்றில் அதற்கு ஒரு இடம் உண்டு. இரு ஆய்வுகளும் ஒரே வாதத்தைச் சொல்லியே அந்தச் சிறிய கல்லூரிக்குள் கொண்டுவரப்பட்டன என்பது என்னை நீண்டகாலமாகச் சிந்திக்க வைத்துக்கொண்டிருக்கும் ஒரு விடயம்.

அடிமைத்தளையில் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் ரி. வோஷிங்டனின் தலைமையில் 1881ஆம் ஆண்டில் டஸ்கீகி நிறுவகம் ஆரம்பிக்கப்பட்டது. கட்டிடங்களுக்கான செங்கற்களை மாணவர்களே சுட்டு அடுக்கிய கல்லூரி அது. தச்சு வேலை, விவசாயம், ஆசிரியப் பயிற்சி ஆகியவையே அதன் ஆரம்பகாலப் பாடங்கள். 1896இல் ஜோர்ஜ் வோஷிங்டன் கார்வர் அங்கு வந்து சேர்ந்த பின்னர்தான் விஞ்ஞானம் அங்கு வேரூன்றத் தொடங்கியது. நிலக்கடலையில் இருந்து நூற்றுக்கணக்கான உற்பத்திப் பொருட்களை உருவாக்கியவர் என்று நாம் பாடசாலை நாட்களில் கேள்விப்பட்ட அந்தக் கார்வரே இவர். 1943 ஜனவரியில் காலமாவதற்கு முன்னர், தனது வாழ்நாள் சேமிப்பை ஒரு ஆய்வு மன்றத்தை நிறுவுவதற்காக அவர் அளித்தார். கார்வர் ஆய்வு மன்றம் என்ற பெயரில் அது இயங்கத் தொடங்கியது.

போலியோவுக்கும் டஸ்கீகிக்கும் இடையிலான தொடர்பும் கார்வரில் இருந்தே ஆரம்பமாகிறது. 1933ஆம் ஆண்டின் இறுதியில், அவர் கடலை எண்ணெய் தேய்த்துப் போலியோ நோயாளிகளின் கைகால்களுக்கு வலுவூட்டுகிறார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டதும், நாட்டின் பல பாகங்களில் இருந்தும் நோயாளிகள் அந்தச் சிற்றூரை நோக்கித் திரண்டனர். அந்த எண்ணெய்க்கு நோயைத் தீர்க்கும் சக்தி ஏதும் இருக்கவில்லை. ஆனால், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் போலியோ வருவதில்லை என்ற நம்பிக்கை வெள்ளையின மருத்துவர்கள் மத்தியில் பரவலாக இருந்த காலம் அது. கறுப்பினக் குடும்பங்களைப் பரிசோதிப்பதற்கு மருத்துவர்களே கிடையாத இடங்களில் நோயாளிகளைக் கணக்கெடுப்பவர்களும் இல்லாமற்போனதில் வியப்பில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தானும் போலியோவினால் பாதிக்கப்பட்டவர். ஜோர்ஜியாவில் வோம் ஸ்பிறிங்ஸ் என்ற இடத்தில் அவர் உருவாக்கிய புனர்வாழ்வு நிலையத்தில் கறுப்பின நோயாளிகளுக்கு இடமிருக்கவில்லை. இது அரசியல் ரீதியில் சங்கடத்தை ஏற்படுத்தவே, 1938இல் அவர் தாபித்த போலியோ ஒழிப்புத் தேசிய மன்றம் ஒரு இலட்சத்து 61 ஆயிரம் டொலர்களுக்கு மேல் ஒதுக்கி, 1941 ஜனவரியில் டஸ்கீகியில் 36 கட்டில்களுடன் கறுப்பினத்தவருக்கென ஒரு போலியோ சிகிச்சை நிலையத்தைத் திறந்தது. வேற்றுமையை நீக்குவதற்குப் பதிலாக வேறாக ஒரு கட்டிடத்தைக் கட்டிக்கொடுப்பது அந்நாளைய தென் மாநிலங்களின் வழமை. ஆயினும், அந்தக் கட்டிடத்தில் கறுப்பின மருத்துவர்களும் தாதியரும் பயிற்சி பெற்றார்கள் என்பதையும் மறந்துவிடுவதற்கில்லை.

மக்களிடம் பத்துப் பத்துச் சதமாகத் திரட்டிய பணத்தில் இயங்கிய அமைப்பு அது. 'மார்ச் ஒப் டைம்ஸ்' என்ற பெயரில் அதன் நிதி சேகரிப்பு இயக்கம் பிரபலமடைந்தது. கறுப்பின மக்களிடமும் அது காசு சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கெனத் தனியாக ஒரு அதிகாரி நியமிக்கப்பட்டார். அவர்தான் சார்ள்ஸ் பைனம். முன்னர் விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றிய கறுப்பினத்தவர். அமெரிக்காவின் பெரும் நன்கொடை அமைப்புகளில் அத்தகைய பதவியில் கறுப்பினத்தவர்கள் இல்லாதிருந்த ஒரு காலத்தில் உள்ளே அமர்ந்திருந்தவர் அவர். பொதுக்கூட்டங்களில் முழங்குபவர்களையே நாம் வரலாற்றில் அதிகம் நினைவுகூருகிறோம். கூட்ட அறையில் சரியான நேரத்தில் சரியான கடதாசியை மேசையில் வைக்கும் மனிதர்கள் எமது கண்களுக்குத் தெரிவதில்லை.

அந்த நேரம் 1952 - 53 காலப்பகுதியில் வந்தது. ஜோனாஸ் சால்க் தனது போலியோ தடுப்பூசியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதைப் பெருந்தொகையான பிள்ளைகளுக்குச் செலுத்திப் பார்க்க வேண்டும். வெறுமனே ஊசி போட்டால் போதாது. ஊசிக்கு முன்னரும் பின்னரும் பிள்ளையின் குருதியில் வைரசை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் தோன்றியுள்ளனவா என்று சோதிக்க வேண்டும். சோதனை முறை தத்துவத்தில் எளிமையானது. குருதியில் இருந்து பிரித்தெடுத்த சீரத்துடன் போலியோ வைரசைக் கலந்து, உயிருள்ள கலங்களின் மீது விட வேண்டும். பிறபொருளெதிரி இருந்தால் வைரஸ் செயலிழக்கும், கலங்கள் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கலங்கள் மடியும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிந்துவிடும். (கலம் என்று எமது பாடநூல்களில் படித்ததைத் தமிழகத்தவர்கள் உயிரணு என்றும் செல் என்றும் எழுதுகிறார்கள்.) இந்தக் கலங்களை எங்கிருந்து பெறுவது என்பதே பிரச்சினை. அதுவரை குரங்குகளில் இருந்து அவற்றைப் பெற்றார்கள். இலட்சக்கணக்கான சோதனைகளுக்கு அது கட்டுப்படியாகாத செலவு.

விடை போல்ரிமோரில் இருந்து வந்தது. 1951ஆம் ஆண்டு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்றியேட்டா லக்ஸ் என்ற ஐந்து பிள்ளைகளின் தாயிடமிருந்து, அவருக்கு அறிவிக்காமலேயே எடுக்கப்பட்ட கலங்கள், ஜோர்ஜ் கை என்பவரின் ஆய்வுகூடத்தில் ஓய்வின்றிப் பெருகத் தொடங்கின. உடலுக்கு வெளியே முடிவின்றி வளர்ந்த முதலாவது மனிதக் கலங்கள் அவை. அந்த வருடம் ஒக்டோபர் 4ஆம் திகதி அவர் தனது 31ஆவது வயதில் இறந்துபோனார். அவரது பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஹீலா' என்று அழைக்கப்பட்ட அக்கலங்களைப் போலியோ வைரஸ் இலகுவில் தொற்றி அழிக்கும் என்பதை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷெரர், ஜெரோம் சைவர்ட்டன் ஆகியோர் ஜோர்ஜ் கையுடன் இணைந்து 1953இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

அப்படியானால், ஹீலா கலங்களைப் பெருமளவில் வளர்த்து நாடெங்கும் உள்ள ஆய்வுகூடங்களுக்கு அனுப்பும் நிலையம் ஒன்று வேண்டும். டஸ்கீகியைத் தெரிவு செய்யுமாறு கூறியவர் பைனம். பணம் வரும், வேலைவாய்ப்பு வரும், எல்லாவற்றுக்கும் மேலாக இளம் கறுப்பின விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி கிடைக்கும் என்பது அவரது வாதம். போலியோ மன்றத்தின் தலைவர் பசில் ஓ'கொனர் டஸ்கீகி நிறுவகத்தின் அறங்காவலர் சபையிலும் இருந்தமை காரியத்தைச் சுலபமாக்கியது.

கார்வர் ஆய்வு மன்றத்தின் பணிப்பாளராக இருந்த ரசல் பிறவுண் ஒரு பக்றீரியா இயல் அறிஞர். அவருடன் இணைந்த ஜேம்ஸ் ஹென்டர்சன் தாவர உடற்றொழிலியல் படித்தவர். இருவருக்குமே மனிதக் கலங்களை வளர்த்த அனுபவம் கிடையாது. மினசோட்டாவுக்குச் சென்று கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1954 ஜூன் மாதமளவில் வாரத்துக்குக் குறைந்தது 10,000 குழாய்களை அனுப்பக்கூடிய நிலையை அடைய வேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட இலக்கு. பஞ்சு வயல்களால் சூழப்பட்ட ஊரில், இதுவரை இல்லாத ஒரு தொழிற்சாலையை அவர்கள் அமைத்தார்கள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கிருமி நீக்கம் செய்வது, வளர்ப்பூடகம் தயாரிப்பது, கலங்களை எண்ணிப் பகிர்வது, உடல் வெப்பநிலையிலான அறையில் வளர்ப்பது, நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு தவறு முழு வாரத்தின் உழைப்பையும் அழித்துவிடக்கூடும். அலபாமாவின் கோடை வெயில் இன்னொரு எதிரி. பொதிகள் விமானத்தில் ஏறி இறங்கும் வழியில் கலங்கள் வெப்பத்தினால் மடிந்துவிடாமல் இருப்பதற்குத் தனியாக ஒரு பொதியிடும் முறையையே அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.

இலக்கு எட்டப்பட்டது, பின்னர் அதன் இருமடங்கும் எட்டப்பட்டது. 35 விஞ்ஞானிகளும் தொழில்நுட்பவியலாளர்களும் அங்கு பணியாற்றினர். தொழில்நுட்பவியலாளர்களில் பலர் இளம் பெண்கள். 1953க்கும் 1955க்கும் இடையில் ஏறத்தாழ ஆறு இலட்சம் குழாய்கள் டஸ்கீகியில் இருந்து அனுப்பிவைக்கப்பட்டன. பிறவுணும் ஹென்டர்சனும் 1983இல் மருத்துவ வரலாற்றுச் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரையில் இந்த முயற்சியை ஆரவாரம் ஏதுமின்றி விபரித்திருக்கிறார்கள். இரண்டு வருடங்களில் செய்ததை எழுதுவதற்கு அவர்களுக்கு ஏறக்குறைய முப்பது வருடங்கள் தேவைப்பட்டன.

1954 ஏப்ரல் 26ஆம் திகதி தடுப்பூசியின் பாரிய பரிசோதனை ஆரம்பமானது. சுமார் 18 இலட்சம் பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். மூன்று வாரங்கள் கழித்து, மே 17ஆம் திகதி, பாடசாலைகளில் இனரீதியாக மாணவர்களைப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டஸ்கீகியில் இருந்து சுமார் 60 கிலோமீற்றர் தொலைவில் உள்ள மொன்ட்கோமெரி நகரில், ஊசி போட்டுக்கொள்ள வந்த கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினப் பாடசாலைகளின் புற்றரைகளில் வரிசையில் நிறுத்தப்பட்டனர். கட்டிடத்துக்குள் நுழைவதற்கோ மலசலகூடத்தைப் பயன்படுத்துவதற்கோ அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அந்தப் பரிசோதனையில் சேகரிக்கப்பட்ட குருதியைச் சோதிப்பதற்கான கலங்களோ, ஒரு கறுப்பினத் தாயின் உடலில் இருந்து வந்து, கறுப்பினப் பெண்களின் கைகளில் வளர்ந்தவை.

1955 ஏப்ரல் 12ஆம் திகதி மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் வெற்றி அறிவிக்கப்பட்டபோது, பிற்ஸ்பேர்க்கில் தன்னுடன் பணியாற்றிய சகாக்களின் பெயர்களைக் கூட சால்க் தனது உரையில் குறிப்பிடவில்லை. அவர்கள் அதை இறுதிவரை மன்னிக்கவில்லை என்று சொல்வார்கள். டஸ்கீகி அதைவிட வெகுதொலைவில் இருந்தது. அதே வருடம் ஹீலா உற்பத்தி நிலையமும் மூடப்பட்டது. வர்த்தகக் கம்பனிகள் கலங்களை வளர்த்து விற்கத் தொடங்கிவிட்டதால் அந்தச் சிறிய கல்லூரியின் தேவை தீர்ந்துபோனது.

இனி மற்ற ஆய்வுக்கு வருவோம்.

1932ஆம் ஆண்டு, அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை மேக்கன் மாவட்டத்தில் மேகநோயினால் பீடிக்கப்பட்ட 399 கறுப்பின ஆண்களையும், நோயற்ற 201 பேரையும் தெரிவுசெய்தது. 'கெட்ட இரத்தத்துக்கு' வைத்தியம் செய்வதாகவே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில், வைத்தியம் செய்யாமல் விட்டால் நோய் எவ்வாறு முற்றும் என்பதை அவதானிப்பதே நோக்கம். இறந்தபின் உடலைப் பிரேத பரிசோதனைக்குக் கொடுக்கச் சம்மதித்தால் அடக்கச் செலவுக்கு 50 டொலர்கள் வழங்கப்பட்டன. 1940களில் பெனிசிலின் கைக்கு வந்த பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

இந்த ஆய்வுக்கு டஸ்கீகி நிறுவகத்தின் வைத்தியசாலை ஒத்துழைத்தது. அதன் தலைவராக இருந்த கறுப்பின மருத்துவர் யூஜின் டிபிள், நிறுவகத்தின் அதிபர் ரொபேர்ட் மோட்டனுக்குக் கடிதம் எழுதி அனுமதியைக் கோரினார். அவர் முன்வைத்த காரணங்கள் என்ன? ஆய்வின் பெருமையில் டஸ்கீகிக்குப் பங்கு கிடைக்கும். எமது மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் பெறுமதியான பயிற்சி கிடைக்கும். இருபது வருடங்கள் கழித்து பைனம் சொன்னதும் சாராம்சத்தில் இதுவே.

டிபிளை ஒரு துரோகி என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. நான் அவ்வாறு செய்யத் தயங்குகிறேன். தென் மாநிலங்களின் மருத்துவக் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களுக்குப் பூட்டப்பட்டிருந்த காலத்தில், அரசாங்க விஞ்ஞானிகள் தமது வாசலுக்கு வந்து சேர்ந்து பணியாற்றுவோம் என்று கேட்டபோது, வாய்ப்பை மறுக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? ஆனால், அந்த வாய்ப்பின் விலையை அவரோ அவரது மாணவர்களோ செலுத்தவில்லை. எழுத்தறிவு குறைந்த குத்தகை விவசாயிகள் செலுத்தினார்கள். இந்த வேறுபாட்டை எந்தச் சூழ்நிலையும் அழித்துவிட முடியாது. 1953இன் முயற்சியிலும் ஹென்றியேட்டா லக்ஸின் சம்மதம் பெறப்படவில்லை என்பது உண்மையே. அந்தத் தவறு நிகழ்ந்தது போல்ரிமோரில். அவருடைய முழுக் கதையும் வெளியில் தெரியவருவதற்குப் பல தசாப்தங்கள் சென்றன. அவரது கலங்களை விற்று இலாபமீட்டியதாக வழக்குத் தொடரப்பட்ட தேர்மோ ஃபிஷர் நிறுவனம் 2023 ஆகஸ்டில்தான் அவரது குடும்பத்துடன் ஒரு இணக்கப்பாட்டுக்கு வந்தது.

மேகநோய் ஆய்வை அம்பலப்படுத்தியவர் ஒரு பத்திரிகையாளர் என்பதைத் தொழில்சார் பெருமிதத்துடன் இங்கு குறிப்பிட விரும்புகிறேன். பொதுச் சுகாதார சேவையில் பணியாற்றிய பீற்றர் பக்ஸ்டன் 1966 முதல் உள்ளுக்குள் முறையிட்டுப் பார்த்தார். எவரும் காது கொடுக்கவில்லை. இறுதியில் தகவல்கள் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜீன் ஹெலர் என்ற இளம் பெண் செய்தியாளரின் கைக்குக் கிடைத்தன. 1972 ஜூலை 25ஆம் திகதி செய்தி வெளியானது. அந்த வருட முடிவுக்குள் நாற்பதாண்டு ஆய்வு நிறுத்தப்பட்டது. கடலை எண்ணெய்ச் செய்தியை 1933இல் உலகுக்கு அறிவித்த அதே நிறுவனம்.

அதே 1972இல்தான் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் சிறுபான்மையினரின் கல்லூரிகளில் உயிர்மருத்துவ ஆய்வுக்கு ஆதரவளிக்கும் திட்டத்தை ஆரம்பித்தன. சிறிய கல்லூரியில் ஆய்வு ஏன் தழைப்பதில்லை என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு வகுக்கப்பட்ட திட்டம் அது. அத்தகைய கல்லூரியின் விரிவுரையாளர் காலையில் இருந்து மாலைவரை வகுப்பெடுக்கிறார், ஆய்வுக்கு நேரமில்லை. உபகரணமும் இல்லை. மாணவரோ படிப்புச் செலவுக்காகச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவப் போகிறார். ஆகவே, விரிவுரையாளரின் கற்பித்தல் சுமையைக் குறைக்கவும், உபகரணம் வாங்கவும், மாணவருக்கு ஆய்வுகூடத்திலேயே சம்பளத்துடன் வேலை கொடுக்கவும் பணம் ஒதுக்கப்பட்டது. பாத்திரம் கழுவிய அதே மணித்தியாலங்களில் இப்போது சோதனைக்குழாயுடன் வேலை. டஸ்கீகியில் 1953இல் நடந்ததும் ஒரு வகையில் இதுதான். அங்கு ஒரு அவசரத் தேவைக்காகத் திறந்த கதவு இரண்டு வருடங்களில் மூடிக்கொண்டது, இங்கு கதவைத் திறந்து வைத்திருப்பதே நோக்கமாக இருந்தது. 1985இல் ஆய்வு நிலையங்களுக்கான இன்னொரு திட்டம் காங்கிரஸின் பணிப்பில் வந்தது. அந்த வருடமே டஸ்கீகி நிறுவகம் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியது.

1940களில் அங்கு ஆரம்பிக்கப்பட்ட மிருக வைத்திய பீடம், அமெரிக்காவின் கறுப்பின மிருக வைத்தியர்களில் மிகப் பெரும்பான்மையினரை உருவாக்கியது. 1997 மே 16ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டன், உயிருடன் எஞ்சியிருந்த ஒரு சில முதியவர்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அதைத் தொடர்ந்து 1999இல் உயிர்மருத்துவ ஒழுக்கவியலுக்கான தேசிய நிலையம் டஸ்கீகி வளாகத்திலேயே நிறுவப்பட்டது. எந்த ஆய்வை எவர் மீது எந்த நிபந்தனையில் நடத்தலாம் என்ற கேள்வி, பாதிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

இலங்கையில் எமது தலைமுறையினர், கால்களில் இரும்புத் தாங்கிகளுடன் பாடசாலைக்கு வந்த சக மாணவர்களைக் கண்டவர்கள். 1990களில் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகப் போர்முனையில் துப்பாக்கிகள் ஓரிரு நாட்கள் ஓய்ந்ததைச் செய்தியாக எழுதியவர்களும் நாமே. எமது நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். அந்தச் சொட்டு மருந்து சால்க் உருவாக்கியதல்ல, சேபினுடையது. இருந்தாலும், குரங்குகளை நம்பியிராமல் கண்ணாடிக் குழாயில் மனிதக் கலத்தை வளர்த்து வைரசைப் படிக்கும் முறையை அன்றாட ஆய்வுகூட வேலையாக்கியதில் டஸ்கீகியின் அந்த 35 பேருக்கும் பங்கு உண்டு.

1970களில் தொடங்கப்பட்ட அந்தப் பயிற்சித் திட்டங்களின் வழிவந்தவை, இளநிலைப் பட்டதாரி மாணவர்களுக்கான 'மார்க்' திட்டம் உட்பட, ட்ரம்ப் நிர்வாகத்தின் கீழ் 2025இல் நிறுத்தப்பட்டன. சிறிய கல்லூரிகளின் ஆய்வுகூடங்களில் சம்பளத்துடன் வேலை செய்துகொண்டிருந்த மாணவர்கள் பலர், அடுத்த தவணைக்கு வேறு வேலை தேட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர்.